வளைவின் உள்பக்கம்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரவில் ஏறும் பைக்குக்கு ஹெட்லைட் மட்டும் போதாது. வண்டி சாயும்போது ஒளியும் கூடவே சாய்கிறது; திரும்ப வேண்டிய உள்பக்கம்தான் இருட்டாகக் கிடக்கிறது. கிராஷ் கார்டில் தாழ்வாகப் பூட்டிய இரண்டு மஞ்சள் விளக்குகள் அங்கே அகலமாக விரிகின்றன. ஓரத்துச் சரளையில் சின்னக் கல்லுக்கும் நீண்ட நிழல் விழுவது அத்தனை அழகு, அத்தனை உபயோகம். எதிரே வருபவருக்குக் கண் கூசுமே என்பார்கள். நியாயமான பேச்சுதான்; ஆனால் அது விளக்கின் குற்றமல்ல, பூட்டிய கோணத்தின் குற்றம். நல்ல மெக்கானிக் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, ஆளை உட்காரவைத்து, நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, ஒளியின் மேல்விளிம்பு தாழும்வரை விரலால் தட்டித் தட்டி இறக்குவார். ஹேண்டில் திரும்பும்போது இழுபடாதபடி வயருக்குத் தொய்வு விடுவார். ஃப்யூஸ் உண்டு, எதிரே வண்டி வந்தால் அணைக்கத் தனி ஸ்விட்சும் உண்டு. அது கடந்ததும் ஸ்விட்சை மீண்டும் அழுத்தினால் சீட்டுக்கு அடியில் ரிலே மெல்ல 'டிக்' என்கிறது, தார்ச்சாலையின் ஓரக்கோடு தெரிகிறது.