எழுதிக்கொள்வதற்கு ஒரு மதம்

கல்லூரியில் படித்த காலத்தில், கோடை விடுமுறையில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்துக்காகப் படிவக் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். திண்டுக்கல் பக்கத்தில் ஓர் ஊர், பட்டியல் சாதியினர் வாழும் காலனித் தெருவின் கடைசி வீடு. வாசல்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா, ரேஷன் அரிசி, தண்ணீர், எம்.எல்.ஏ. வந்தாரா இல்லையா என்று கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னார். என்ன மதம் என்று கேட்டதும் கை நின்றது. "எழுதிக்கிறதுக்கா தம்பி, சும்மா தெரிஞ்சிக்கிறதுக்கா?" எழுதத்தான் என்றேன். "அப்ப இந்துன்னு போட்டுக்கங்க." அவருக்குப் பின்னால், திறந்திருந்த கதவு வழியே, வேளாங்கண்ணி மாதா படமும் அதன் முன்னால் எரிந்த சிவப்பு விளக்கும் தெரிந்தன. இந்து என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

அவர் பொய் சொல்லவில்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி முதலில், பஞ்சாபின் சில சீக்கியச் சாதிகளைத் தவிர்த்தால், இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது. 1956-இல் மற்றச் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை இல்லை. கிறிஸ்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் ஒரு வார்த்தையில் தொங்கும்போது, படிவத்தோடு வரும் முன்பின் தெரியாத பையனிடம் யார்தான் வேறு சொல்வார்கள்?

மதச் சிறுபான்மையினரின் கருத்தைக் கருத்துக்கணிப்புகள் நியாயமாகக் காட்டுகின்றனவா என்ற கேள்வியை அந்த வாசல்படியிலிருந்துதான் நான் பார்க்கிறேன். ஆனால் மோசமான கணிப்பை எடுத்துவைத்து அடிப்பது எளிது, அது திறனாய்வும் ஆகாது. நமக்குக் கிடைத்தவற்றில் மிகக் கவனமாகச் செய்யப்பட்ட ஒன்றைத்தான் எடைபோட வேண்டும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2021 ஜூனில் வெளியிட்ட இந்திய மதங்கள் பற்றிய ஆய்வு அத்தகையது. 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை 29,999 பேரை, தமிழ் உட்பட 17 மொழிகளில், நேருக்கு நேர் கண்டு எடுக்கப்பட்டது அது.

முதலில் அதன் பலம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் முஸ்லிம்கள் 14.2 சதவீதம், கிறிஸ்தவர்கள் 2.3, சீக்கியர்கள் 1.7. நாடு முழுக்க 1,000 பேரைக் கேட்டால் அதில் முஸ்லிம்கள் 142 பேர், கிறிஸ்தவர்கள் 23 பேர் வருவார்கள். மொத்த மாதிரிக்குப் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 3 புள்ளி. முஸ்லிம்களுக்கு மட்டும் பார்த்தால் 8. கிறிஸ்தவர்களுக்கு 20. கிறிஸ்தவர்களில் பாதிப் பேர் ஆதரவு என்று அட்டவணை சொன்னால் உண்மை 30 சதவீதமாகவும் இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் 1,000 பேரைக் கேட்டாலும் முஸ்லிம்கள் ஏறத்தாழ 59, கிறிஸ்தவர்கள் 61. பிழை வரம்பு 13 புள்ளியைத் தொடும். தேர்தல் காலத்தில் 'சிறுபான்மையினர் வாக்கு யாருக்கு' என்று தொலைக்காட்சியில் ஓடும் வண்ணப் பட்டைகளில் பல இந்த மணல்மேல்தான் நிற்கின்றன. பெரும்பான்மையைப் பற்றிய தகவல் அதே திரையில் கல்மேல் நிற்கிறது. ஒரே அட்டவணை, இரண்டு தரம். இதைச் சொல்லாமல் வெளியிடுவதுதான் முதல் அநியாயம்.

பியூ இதைச் சரிசெய்தது. சீக்கியர், கிறிஸ்தவர், பௌத்தர் போன்ற சிறிய சமூகத்தினரை அவர்களுடைய விகிதத்துக்கு மேல் கூடுதலாகத் தேடிப்போய்க் கேட்டது. மொத்தக் கணக்கில் சேர்க்கும்போது அந்தக் கூடுதலின் எடையைக் குறைத்துக்கொண்டது. அப்படித்தான் 1,782 சீக்கியர்கள், 1,011 கிறிஸ்தவர்கள், 719 பௌத்தர்கள் கிடைத்தார்கள்; முஸ்லிம்கள் 3,336 பேர்.

இவ்வளவு பேரைக் கேட்டதால் விளைந்த பயனுக்கு ஓர் உதாரணம் போதும். முத்தலாக் பற்றி முஸ்லிம்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை நாம் வழக்கமாக யாரிடம் கேட்கிறோம்? மேடையில் இருக்கும் தலைவரிடம், விவாத அரங்கில் கத்துபவரிடம், சமுதாயத்தின் பெயரால் பேச வரும் கட்சிக்காரரிடம். பியூ வீடுகளில் கேட்டது. ஆண்கள் மூன்று முறை 'தலாக்' சொல்லி மணவிலக்குச் செய்ய அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 56 சதவீதம். கூடும் என்றவர்கள் 37. அதிலும் ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 32. ஒரு சமூகத்துக்கு ஒரே குரல்தான் என்று இவர்கள் எல்லாரும் நடத்திவந்த வியாபாரத்தை இந்த நான்கு எண்கள் உடைக்கின்றன. அடுப்படியில் இருக்கும் பெண்ணின் சொல் எந்த இடைத்தரகரும் இல்லாமல் வெளியே வர இதைவிட நல்ல வழி இன்னும் யாரும் காட்டவில்லை. இந்தக் கணிப்புகளே வேண்டாம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இனிக் குறைகள். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் பாதுகாப்புக் காரணங்களால் கணிப்பு நடக்கவில்லை. 2011-இல் அங்கே மக்கள்தொகை ஏறத்தாழ 69 லட்சம், மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நாட்டின் 17 கோடிக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் அது சுமார் 4 சதவீதம்தான். கணக்காகப் பார்த்தால் சராசரி பெரிதாக மாறாது. ஆனால் 370-ஆம் பிரிவின் சிறப்புத் தகுதி நீக்கப்பட்ட மூன்றே மாதத்தில் தொடங்கிய ஆய்வில், அதை மிக அதிகமாக உணர்ந்த பள்ளத்தாக்கு மக்கள் இல்லை. அந்த 4 சதவீதத்தின் கருத்து மற்ற 96-இன் சாயலில்தான் இருக்கும் என்று கொள்ள எந்த முகாந்திரமும் கிடையாது.

அடுத்தது சராசரி. தம் மதத்தைப் பின்பற்ற மிகுந்த சுதந்திரம் இருப்பதாக 89 சதவீத முஸ்லிம்கள் சொன்னார்கள். செய்திகளில் பரவியது இந்த எண்தான். கடந்த ஓராண்டில் மதத்தின் பெயரால் தாமே பாகுபாட்டைச் சந்தித்ததாக நாடு முழுக்க 21 சதவீத முஸ்லிம்களும், வட மண்டலத்தில் மட்டும் 40 சதவீதமும் சொன்னதும் அதே அறிக்கையில் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் விஷயத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். கன்னியாகுமரிக் கடற்கரையின் கத்தோலிக்க மீனவரும், நாகாலாந்தின் பாப்டிஸ்டும், திருச்சூரின் சிரியன் கிறிஸ்தவரும் ஒரே பத்தியில் அடங்குகிறார்கள். மொழி வேறு, சாதி வேறு, மாநிலத்தில் அவர்களுக்குள்ள எண்ணிக்கைப் பலமும் வேறு. இவர்களைக் கூட்டி வகுத்தால் வருவது ஓர் எண்தான். அதை யாருடைய கருத்து என்று சொல்வது?

மூன்றாவது, வெளிப்படையாகப் பேசினார்களா என்ற சந்தேகம். குடியுரிமைத் திருத்தச் சட்டம், அதை எதிர்த்த போராட்டங்கள், 2020 பிப்ரவரியில் டெல்லிக் கலவரம், எல்லாமே கணிப்பு நடந்த அந்த நான்கு மாதங்களுக்குள் வந்தவை. காகிதம் காட்ட மாட்டோம் என்பது முழக்கமாக இருந்த நேரத்தில் ஒருவர் காகிதத்தோடு வந்து கேட்டால் என்ன சொல்வார்கள்? சந்தேகம் நியாயமானது. ஆனால் அதை எல்லை மீறி நீட்டக் கூடாது. திருப்தி என்று சொன்னால் பயம், கோபம் என்று சொன்னால் உண்மை என்று நாமே முடிவுகட்டிவிட்டால் அவர்களைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். அதே முஸ்லிம்களில் 65 சதவீதம் பேர் மதக் கலவரம் மிகப் பெரிய பிரச்சினை என்றார்கள். 74 சதவீதம் பேர் குடும்ப வழக்குகளுக்குத் தம் மத நீதிமன்றம் வேண்டும் என்றார்கள். வந்தவரைத் திருப்திப்படுத்தி அனுப்ப நினைத்தவர்களின் பதில்களாக இவை தெரியவில்லை. அச்சம் எண்களை ஓரளவு மழுக்கியிருக்கலாம், அடியோடு பொய்யாக்கவில்லை என்பதே என் மதிப்பீடு.

நல்ல ஆய்வின் குறைகளே இவ்வளவு என்றால், அவசரக் கணிப்பு என்னவாகும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. 2015 நவம்பரில் சன் நாளிதழ், பிரிட்டிஷ் முஸ்லிம்களில் ஐவரில் ஒருவருக்கு ஜிகாதிகள்மேல் அனுதாபம் என்று முதல் பக்கத்தில் போட்டது. சிரியாவில் சண்டையிடுவோருடன் சேர நாட்டைவிட்டுப் போகும் இளம் முஸ்லிம்கள்மீது அனுதாபம் உண்டா என்பதுதான் கேட்கப்பட்டது. ஜிகாதி என்ற சொல் கேள்வியிலேயே இல்லை. வழிதவறிப்போன பிள்ளைக்காக இரங்கும் தாயும் அந்த ஐந்தில் ஒன்றுக்குள் வந்துவிடுகிறாள். அந்தச் செய்தி பெரிதும் தவறான எண்ணம் தருவது என்று 2016 மார்ச்சில் பத்திரிகை ஒழுங்காற்று அமைப்பு தீர்ப்புச் சொன்னது. முதல் பக்கத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் தீர்ப்பைப் பார்த்திருப்பார்கள்? அடுத்த மாதம் சேனல் 4 ஒளிபரப்பிய கணிப்பு, முஸ்லிம்கள் 20 சதவீதத்துக்கு மேல் வாழும் பகுதிகளில் மட்டும் 1,081 பேரை எடுத்தது. பிரிட்டிஷ் முஸ்லிம்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்தப் பகுதிகளுக்கு வெளியே வாழ்கிறார்கள். முஸ்லிம்களை வீட்டில் நேரில் கேட்டுவிட்டு, ஒப்பிடுவதற்கான மற்றவர்களைத் தொலைபேசியில் கேட்டார்கள். இரண்டு தராசில் நிறுத்துவிட்டு எடை வித்தியாசம் சொன்ன கதை.

தீர்ப்புக்கு வருகிறேன். பொதுக் கணிப்பிலிருந்து பிய்த்தெடுக்கும் சிறுபான்மைப் பத்தி நியாயமானதல்ல. எத்தனை பேரைக் கேட்டோம் என்பதையும் பிழை வரம்பையும் அதன் பக்கத்திலேயே அச்சிட முடியாதவர்கள் அதை வெளியிடக் கூடாது. சிறுபான்மையினருக்கென்றே திட்டமிட்டு, கூடுதல் மாதிரியோடு, அவர்கள் மொழியில் எடுக்கப்படும் கணிப்பு, கேட்ட கேள்விக்கு நம்பத்தக்க பதிலைத் தருகிறது. தலைவர்களின் அறிக்கைகளைவிட அது நேர்மையானது. ஆனால் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இன்னும் வெளியே இருக்கிறது. தேசப்பற்று உண்டா, அனுதாபம் உண்டா என்று அவர்களிடம் கேட்கும் வேகத்தில், வாடகைக்கு வீடு கிடைத்ததா என்று கேட்பதில்லை. பியூ ஆய்வில் சிறுபான்மையின் நிலையை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டிய எண், பெரும்பான்மையைக் கேட்டு வந்தது: முஸ்லிமை அண்டை வீட்டுக்காரராக ஏற்க மாட்டோம் என்றவர்கள், இந்துக்களில் 36 சதவீதம்.

எந்தச் சூத்திரத்துக்கும் எட்டாத குறை ஒன்று மிஞ்சுகிறது. கணிப்புகள் தம் மாதிரியை மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டுத்தான் சரிபார்க்கின்றன. அந்தக் கணக்கெடுப்பிலும் காலனித் தெருக் கடைசி வீடு இந்து என்றே பதிவாகியிருந்தால், தவறு தவறை ஆமோதிக்கும். அந்த அம்மா சொன்ன எல்லாமே என் படிவத்தில் பெரும்பான்மையின் கருத்தாக ஏறிவிட்டது. எழுதிக்கொள்வதற்கா என்று அவர் கேட்டது, எழுதினால் அது யார் கைக்குப் போகும் என்பதைத்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, நிறுவனமும் சொல்லித் தரவில்லை. அந்தக் கேள்விக்கு வாசற்படியிலேயே உறுதியான பதில் சொல்ல முடிகிற கணிப்பைத்தான் நான் நியாயமானது என்பேன்.