நடுவில் ஒரு சுவர்

'நாஸ்லர் பார்ட்டிஷன்' என்ற வேட்டைத் துப்பாக்கிக் குண்டின் அழகு, அதை நெடுக்காக அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். செம்புக் கலவை உறைக்குள் ஈயம் இரண்டு அறைகளாக நிற்கிறது. நடுவில் உறையோடு ஒன்றான தடுப்புச் சுவர். உடலில் பட்டதும் முன்னறை காளான்போல் விரிகிறது. பின்னறை கலையாமல் உள்ளே போகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வேலைப்பாடு!

1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சேறு அப்பிய மூஸ் மான்மீது ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர் சுட்ட குண்டுகள் ஆழமாக இறங்கவில்லை. அந்த மனக்குறையில் பிறந்தது இந்தப் பார்ட்டிஷன் குண்டு.

வெள்ளைவால் மானுக்குச் சீக்கிரம் விரியும் சாதாரணக் குண்டே போதும். முந்நூறு கிலோ எடையுள்ள எல்க் என்ற பெரிய மான் அப்படியல்ல. தோள் எலும்பைத் தாண்டி நுரையீரலை எட்டாவிட்டால், அது காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து தவிக்கும். வேட்டையில் அதைவிடக் கொடுமை இல்லை. .30-06 துப்பாக்கியில் வெள்ளைவால் மானுக்கு 150 கிரெயின் எடைக் குண்டு, எல்க்குக்கு 180 என்பது அமெரிக்காவில் பழகிய கணக்கு. 180 கிரெயின் என்பது ஒன்றரைப் பவுன்கூட இல்லை.

ஆனால் இந்த ஈயத்துக்கு ஒரு விலை உண்டு. வேட்டை மிச்சத்தில் சிதறிக் கிடக்கும் ஈயத்தைத் தின்று கழுகுகள் சாகின்றன. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது.