அருகிய குடிப்பெயரும் அளவைக் குறையும்

ஆங்கிலேயரின் குடிப்பெயர்களுக்கு எண்ணிக்கை கொண்டு தாயகம் காண முனைந்த முன்னோடி நூல், கப்பி என்னும் இயற்கையறிஞர் 1890இல் வெளியிட்டதாகும். உழவர் எளிதில் மண்ணைவிட்டுப் பெயரார். ஆகவே, ஒரு பெயருடைய உழவர் மிகுந்துள்ள கோட்டமே அப்பெயரின் தாயகம் என்பது அவர் கொள்கை. செடிகொடிகளின் பரவலை ஆராய்வார் கையாளும் முறை இது, போற்றற்குரியது.

எனினும், 10,000 பேருக்கு 7 என்னும் அளவினும் குறைந்த பெயர்களை அவர் விலக்கினார். பெருங்குறை இதுவே. கொல்லரைக் குறிக்கும் ஸ்மித் என்னும் பெயர் ஊர்தோறும் தோன்றக்கூடியது. அதற்குத் தாயகம் ஒன்றென்றல் பொருந்தாது. அருகிய பெயர்களன்றோ ஒரே குடியில் தோன்றியிருத்தற்கு இடம் மிகுதி? தாயகம் காட்டவல்ல பெயர்களே நூலினின்றும் நழுவிவிட்டன.

சொற்பொருளை மட்டும் நம்புதலும் தகாது. 'சைக்ஸ்' என்னும் யார்க்சயர்ப் பெயர் சிற்றோடையைக் குறிப்பது. ஓடைகள் பல, ஆதலின் குடிகளும் பல என்று கொள்வது இயல்பே. ஆனால், அப்பெயரையே தாங்கிய பிரையன் சைக்ஸ் 2000இல் வெளியிட்ட மரபணு ஆய்வில், சோதிக்கப்பட்ட 48 ஆடவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் ஒரே தந்தைவழிக் குறியுடையராய் இருந்தனர். மூதாதை ஒருவரே என்பதற்கு இது வலிய சான்று.

பெயர் எவ்வாறு பிறந்திருக்கலாம் என்பதைச் சொல் காட்டும். எக்குடியில் பிறந்தது என்பதைக் காட்டாது.