இடைநிற்றலை முன்கணிக்கும் பல்கலைக்கழகங்கள்

மாணவர் தரவுகளை ஆராய்ந்து, யார் படிப்பை இடையில் விடுவார் என முன்கணிப்பது பல்கலைக்கழக நிறுவன ஆய்வில் இன்று பெரிதும் பேசப்படுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2012 முதல் 800-க்கும் மேற்பட்ட அறிகுறிகளைக் கண்காணிக்கிறது. அதைப் புகழ்வோர் மென்பொருளையே சொல்கின்றனர். கூடுதலாக நியமித்த ஆலோசகர்களையும், கட்டண நிலுவையால் வெளியேற இருந்தவர்களுக்குக் கொடுத்த சிறு உதவித்தொகையையும் மறந்துவிடுகின்றனர். மேரிலாந்தின் மவுண்ட் செயின்ட் மேரீஸில் நடந்தது நேரெதிர். தக்கவைப்பு விகிதம் உயர்ந்து தெரிவதற்காக, புதிய மாணவர்களிடம் கருத்தாய்வு நடத்தி, தடுமாறுவோரைத் தொடக்க வாரங்களிலேயே அனுப்பிவிடத் திட்டமிட்டதாக 2016-இல் செய்தி வெளியானது. தலைவர் பதவி விலகினார். கணிப்பின் துல்லியம் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது.

நம் தேசியத் தரவரிசையிலும் உரிய காலத்தில் தேர்ச்சி பெறுவோர் விகிதத்துக்கு மதிப்பெண் உண்டு. ஆகவே அந்த ஆசை இங்கும் எழலாம்.

சிவகாசி அருகே ஆனைக்குட்டம் போன்ற ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவரை எண்ணிப் பாருங்கள். தீபாவளி நெருங்கினால் வீட்டில் பட்டாசு வேலைக்கு ஆள் வேண்டும். ஆலை மூடினால் பேருந்துக்கே காசிருக்காது. வருகைப்பதிவில் இரண்டும் 'வரவில்லை'தான். வகுப்பாசிரியருக்குக் காரணம் தெரியும். அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டமில்லை. பல பல்கலைக்கழகங்களில் வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால், தேர்வெழுத அவரே தனிக் கட்டணமும் கட்டவேண்டும்.