மனோன்மணீயமும் மாணவர் படப்பிடிப்பும்

நடிப்பதற்கு உரியது நாடகம். எனினும் படித்துச் சுவைப்பதற்கென்றே எழுந்த நாடகங்களும் உண்டு. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயம் அவ்வகையினது. அதன் தமிழ்த் தெய்வ வணக்கத்தை அறிந்தார் பலர். நூலை முற்றக் கற்றார் சிலரே. அத்தகைய நூலின் ஒரு களத்தை மாணவர் குழு படமாக்க முனையுங்கால் எழும் இடர்கள் ஆராயத் தக்கன.

கிள்ளான் பள்ளத்தாக்கு மாணவர்க்குக் கருவிக் குறை இல்லை, கைப்பேசியே படக்கருவியாகிவிட்டது. ஆகவே அவர்தம் நாட்டம் முதற்கண் கோட்டையையும் பட்டாடையையும் தேடிச் செல்கின்றது. கிள்ளானில் ராஜா மகாடி கோட்டை வாயில் உளது. ஆனால் அது பாண்டியன் கோட்டை ஆகாது. அன்றியும், கோட்டையின் வலிமையை நம்பிய சீவகன் ஏமாறுவதே இந்நாடகத்தின் கதை. எனவே மதிலைக் காட்டுவதினும் சுருங்கை வழியைக் காட்டுவதே பொருத்தம். அதற்கு ஒற்றை விளக்கெரியும் பள்ளி நடைவழியே போதும்.

மெய்யான இடர் செய்யுளில் உள்ளது. பெரும்பாலும் ஆசிரியப்பாவால் இயன்ற நீண்ட பேச்சுகள் படத்தின் ஓட்டத்தைத் தடுக்கும் என அஞ்சி, உரைநடையாக மாற்றிவிட எண்ணுவர். இது பெரும் பிழை. இந்நாடகத்தின் கதைக்கரு லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் இயற்றிய ‘இரகசிய வழி’யினின்று பெறப்பட்டது. கதைக்கரு கடன் பெற்றது. செய்யுளோ சுந்தரனாரின் சொத்து. செய்யுளை நீக்கின் எஞ்சுவது லிட்டனின் கதையே அன்றி மனோன்மணீயம் அன்று.

அவ்வாறாயின் நீளத்திற்கு யாது வழி? மாற்றுதல் வேறு, சுருக்குதல் வேறு. ஆசிரியப்பாவிற்கு அடிப்பெருமைக்கு எல்லை இல்லை. ஆதலின் பொருள் தொடர்பு கெடாமல் இடையடிகள் சிலவற்றை விடுத்தல் கூடும். பின்னர்ப் புணர்ச்சி பிரித்துப் பொருளுணர்ந்து பேசப் பயில வேண்டும். மேடையில் குரல் மறைத்த அறியாமையை அண்மைக் காட்சி மறைக்காது; பொருளுணராதவன் கண் அதனைக் காட்டிக் கொடுக்கும்.

களத் தேர்விலும் கருத்து வேண்டும். இறுதிக் களத்தில், தந்தை சொற்கு அடங்கிப் பலதேவனுக்கு மாலையிட வரும் மனோன்மணி, கனவில் கண்ட புருடோத்தமனை நேரில் காண்கின்றாள். மாலை அவனுக்கே உரியதாகின்றது. படிப்போர் கற்பனைக்கு விடப்பட்ட அப்பார்வையைப் படக்கருவி கண்முன் நிறுத்த வல்லது. 1942-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம், பி. யு. சின்னப்பாவையும் டி. ஆர். ராஜகுமாரியையும் கொண்டு இக்கதையை ‘மனோன்மணி’ என்னும் படமாக்கினார். அப்படப்பிடிப்பு நிலையம் மாணவரிடம் இல்லை. அப்பார்வையைப் படம்பிடிக்க அது தேவையுமில்லை.

ஒலிப்பதிவு பிறிதோர் இடர். பிரிக்பீல்ட்ஸில் தொடர்வண்டியும் மோனோரயிலும் ஓயாது செல்லும். அங்கே திறந்தவெளியில் பேசும் லகர, ளகர, ழகர வேறுபாடு இரைச்சலில் மறையும். மூடிய அறையும், பேசுவோர்க்கு அருகில் வைத்த ஒலிவாங்கியும் அதனைக் காக்கும்.

படம் குறையுடையதாக முடியலாம். ஆயினும் பத்து அடிகளைப் பொருளுணர்ந்து பேசிய மாணவன், அந்நூலை மீண்டும் திறப்பான். அந்நூல் வேண்டுவதும் அதுவே.