கம்பனுக்கு எந்த இடம்?

திருவரங்கம் பெரிய கோயிலில், தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ள மண்டபத்தைக் கம்பர் மண்டபம் என்பர். இராமாவதாரம் அங்கே அரங்கேறியது என்பது மரபு. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைப் புலவர்கள் மறுத்தபோது, மேட்டழகிய சிங்கரே அதனை ஏற்றருளினார் என்றும் கூறுவர். ஒரு கவிஞனை மற்றொருவனோடு நிறுத்து அளக்கும் வழக்கம் நம்மிடையே புதியதன்று.

அவ்வழக்கத்தை உலக அளவுக்கு விரித்தவர், திருச்சி வரகனேரியில் 1881இல் பிறந்த வ.வே.சு. ஐயர். தூய வளனார் கல்லூரியில் இலத்தீன் கற்ற அவர், பெல்லாரிச் சிறையிலிருந்தபோது கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்வு எழுதினார். ஓமர், வர்ஜில், மில்டன் ஆகியோருக்குக் கம்பன் இளைத்தவன் அல்லன். மூலநூல் தந்த வான்மீகியோடும் போட்டியிட வல்லவன் என்பது அவர் துணிபு. தமிழின் பெருமையை உலகம் அறியாதிருந்த காலத்தில் அத்துணிபு தேவைப்பட்டது.

எனினும் அந்நூலில் நமக்குப் பயன் தருவது தீர்ப்பன்று, ஒப்பீடே. வான்மீகியின் இராவணன் சீதையைப் பற்றித் தூக்குகிறான். கம்பனின் இராவணனோ, அவளைத் தீண்டாமல் குடிலை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். முன்னதில் கொடுமை நேரே நம்மைத் தாக்குகிறது. பின்னதில் அன்னையிடம் கவிஞன் கொண்ட பக்தி புலனாகிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் இரண்டும் விளங்குகின்றன. எது உயர்ந்தது என்று கேட்கும்போதோ, ஒன்றை இழந்துவிடுகிறோம்.

தரவரிசை நிலைப்பதும் இல்லை. சீனத்தில் 6ஆம் நூற்றாண்டில் சுங் ரொங் என்னும் திறனாய்வாளர், நூற்றுக்கு மேற்பட்ட கவிஞர்களை மூன்று தரங்களாகப் பகுத்தார். அவர் நடுத்தரத்தில் வைத்த தாவ் யுவான்மிங்கைப் பின்வந்த தலைமுறைகள் தலைசிறந்தோருள் ஒருவராகப் போற்றின. கவிதை மாறவில்லை, படிப்பவர் கண் மாறியது.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும். வளனாரையே தலைவராகக் கொண்ட தேம்பாவணியைக் கம்பனின் சாயல் என்று தள்ளுவோர் உளர். நம்மவர் நூல் என்பதற்காகவே உச்சியில் ஏற்றுவோரும் உளர். அதன் 3,615 பாடல்களுள் சிலவற்றையேனும் இவ்விரு சாராரும் பொறுமையாகப் படித்ததுண்டா? இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் கம்பனிடம் எதைப் பெற்றார், எதைத் தாமே புதிதாகப் படைத்தார் என்று தேடிப் படிப்பதே அவருக்கு நாம் செய்யும் நீதி. இடம் ஒதுக்குவது எளிது. செவிகொடுப்பதற்கே அன்பு வேண்டும்.