வாசலில் நிறுத்தும் தண்டனை

1948இல் பொகோட்டாவில் உருவான அமெரிக்க நாடுகள் அமைப்புக்குச் சொந்தப் படை கிடையாது. உறுப்பு நாடொன்றில் ஆட்சி கவிழ்க்கப்பட்டால் அது எடுக்கும் கடைசி ஆயுதம் இடைநீக்கம். 1992இல் ஏற்கப்பட்டு 1997இல் நடைமுறைக்கு வந்த அமைப்பு விதித் திருத்தமும், 2001 செப்டம்பர் 11 அன்று லிமாவில் நிறைவேறிய ஜனநாயக சாசனமும் இதற்கு வழிவகுத்தன. மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் வாக்களித்தால், தவறிழைத்த நாட்டின் இருக்கை காலியாகும். மனித உரிமைக் கடமைகள் உட்பட அதன் கடமைகள் நீடிக்கும்.

விதி எழுதப்படும் முன்பே தண்டனை வந்துவிட்டது. 1962 ஜனவரியில் உருகுவேயின் புந்தா தெல் எஸ்தேயில் கியூப அரசு விலக்கப்பட்டது. மெக்சிகோ, பிரேசில், அர்ஜென்டினா உள்ளிட்ட 6 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. குற்றம் ஜனநாயக மீறல் அல்ல, மார்க்சிய-லெனினியம். இதே அமைப்பு 1976இல் தன் பொதுச்சபையைச் சிலியின் சர்வாதிகாரி பினோசே ஆண்ட சாண்டியாகோவில் கூட்டியது! அந்த இரட்டை அளவுகோலின் கறை இன்னும் போகவில்லை. 2009இல் விலக்கல் ரத்தானபோதும் கியூபா திரும்பி வரவில்லை.

புதிய விதிகளுக்கு உண்மையான சோதனை ஹோண்டுராஸ். 2009 ஜூன் 28 விடியற்காலையில் அதிபர் செலாயாவை ராணுவம் இரவு உடையோடு விமானமேற்றிக் கோஸ்டாரிகாவில் இறக்கிவிட்டது. அமைப்பு கெடு விதித்ததும், புதிய ஆட்சியாளர்கள் முந்திக்கொண்டு 'நாங்களே விலகுகிறோம்' என்றனர். சட்டபூர்வமற்ற அரசு விலகவும் முடியாது என்பது அமைப்பின் பதில், கச்சிதமான தர்க்கம்தான். ஜூலை 4 இரவு இடைநீக்கம் ஒருமனதாக நிறைவேறியது. மறுநாள் செலாயாவின் விமானம் தலைநகரின் தோன்கோன்தீன் விமான நிலையத்துக்கு மேல் வட்டமிட்டது. ஓடுபாதையில் ராணுவ வண்டிகள் குறுக்கே நின்றதால் இறங்க முடியாமல் திரும்பியது. வாஷிங்டனில் அமைப்பு போட்ட தீர்மானத்தின் எல்லை அந்த ஓடுபாதையோடு முடிந்தது. உலக வங்கியும் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கியும் கடனை நிறுத்தியதுதான் உண்மையில் வலித்தது. ஆனாலும் கவிழ்த்தவர்கள் நவம்பர் தேர்தல்வரை தாக்குப்பிடித்தார்கள். செலாயா பதவியைத் திரும்பப் பெறவே இல்லை. கொலம்பியாவும் வெனிசுவேலாவும் செய்த சமரசத்தால் அவர் நாடு திரும்பிய பின், 2011 ஜூன் 1 அன்று ஹோண்டுராஸின் இருக்கை மீண்டது. திரும்பி வர விரும்பும் நாட்டை ஒப்பந்தத்துக்கு இழுத்துவர இடைநீக்கம் உதவும்; நடந்துவிட்ட கவிழ்ப்பைத் தலைகீழாக்க உதவாது.

இடைநீக்க விதி மனத்தில் கொண்டது பலவந்தமாக ஆட்சியைப் பறிப்பவரை. தேர்தலில் வென்று வந்து, நீதிமன்றத்தையும் தேர்தல் ஆணையத்தையும் மெல்ல விழுங்கும் ஆட்சியாளர் அதற்குள் எளிதில் அகப்படுவதில்லை. சாசனம் இந்தச் சீரழிவையும் குறிப்பிடுகிறது, வாக்குதான் சேர்வதில்லை. 2018 ஜூனில் வெனிசுவேலாவுக்கு எதிரான தீர்மானம் 19 வாக்குகளோடு நிறைவேறியது. இடைநீக்கத்துக்கோ 24 தேவை. பெட்ரோகரீபே திட்டத்தில் வெனிசுவேலாவிடம் எண்ணெய்யைக் கடனுக்கு வாங்கிய கரீபியத் தீவு நாடுகள் பலவும் அதைப் பகைக்கத் தயங்கின. ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்ற நெறி சிறிய நாடுகளுக்குப் பாதுகாப்பு. எண்ணெய் வைத்திருப்பவருக்கும் அதுவே கேடயமாயிற்று.

இதைவிட ஆழமான குறை, தண்டிக்கப்பட வேண்டியவரே கதவைச் சாத்திக்கொண்டு போகலாம் என்பது. நிகரகுவா 2021 நவம்பரில் விலகலை அறிவித்தது. மறு ஏப்ரலில் தலைநகர் மனாகுவாவிலிருந்த அமைப்பின் அலுவலகத்தையே கைப்பற்றியது. 2023 நவம்பரில் வெளியேறியது. அங்கே சிறையில் இருக்கும் எதிர்க்கட்சியினருக்கு இதனால் இழப்பே தவிர வேறில்லை.

குவாத்தமாலாவில் எவரையும் நீக்காமலே காரியம் நடந்தது. 2023 தேர்தலில் வென்ற அரேவாலோவைத் தடுக்க அரசு வழக்கறிஞர் அலுவலகம் மாதக்கணக்கில் முயன்றது. வாக்குப்பதிவை நேரில் கண்ட அமைப்பின் பார்வையாளர் குழு அம்முயற்சிகளைத் தொடர்ந்து கண்டித்தது. பதவியேற்பு நாளான 2024 ஜனவரி 14 அன்று நாடாளுமன்றம் இழுத்தடித்தபோது, விழாவுக்கு வந்திருந்த வெளிநாட்டுப் பிரதிநிதிகளும் அமைப்பின் பொதுச்செயலாளரும் ஆட்சியைக் கைமாற்றுமாறு வெளிப்படையாக வற்புறுத்தினர். வீதியில் பழங்குடி மக்களின் போராட்டமும் மாதக்கணக்கில் நடந்திருந்தது. நள்ளிரவு தாண்டி அரேவாலோ பதவியேற்றார்.